'இல்லா' வீட்டுக்காரர்கள்

எழுபதுகளில், கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் எருத்தேன்பதியில் என் தொழிலைப் பற்றி ஏளனமாகப் பேசாத ஒரே ஜீவன் எங்கள் வீட்டு எருமைதான். மற்ற எல்லோரும் பேசினார்கள்.

"ஏனுங்க, பையனுக்கு என்ன வேலைங்க?" என்று யாராவது கேட்டால் அப்பா கொஞ்சமும் தயங்காமல் சொல்லுவார். "கோயமுத்தூர்ல அட்டையில ஓட்டை போடறானுங்க."

"அதுக்கா இத்தனை படிப்புங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓட்டை போடுவது நானல்ல என்று எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். எங்கள் ஆபீசில் நான்கு பெண்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்து அட்டைகளில் துளையிடுவார்கள். அந்த அட்டைகளைக் கம்ப்யூட்டர் படிக்கும். படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று அதற்குக் கட்டளை எழுதுகிறவன் நான், புரோகிராமர். ஒரு நாள் இதையெல்லாம் அப்பாவிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ஓட்டைகூட நீ போடறதில்லையா?" என்றார்.

அதற்குப் பிறகு விளக்குவதை விட்டுவிட்டேன். நான் கட்டளை எழுதும் கம்ப்யூட்டர் பாஷைக்குக் கோபால் என்று பேர், இங்கிலீஷில் C-O-B-O-L. அதை அப்பா எனக்கு மேலே இருக்கும் அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருந்தார். "கோபாலு இன்னைக்கும் திட்டினாரா?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். உண்மையும் அதுதான். அந்தப் பாஷையில் வாக்கியத்தின் முடிவில் ஒரு புள்ளி விட்டுப்போனால் அன்றைய பிழைப்பு போயிற்று. வாடகைக் கம்ப்யூட்டரில் எங்களுக்குக் கிடைப்பதோ வாரத்தில் மூன்று காலை வேளைகள். புள்ளியைக் கண்டுபிடிப்பதற்குள் நம் நேரம் முடிந்துவிடும், அடுத்தவன் தன் அட்டைப் பெட்டியோடு வாசலில் நிற்பான். அந்த எரிச்சலோடு வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் நசுங்கி வீடு வந்து சேர்ந்து, குழம்பில் உப்பில்லை என்று மனைவியிடம் கத்துவேன்.

"உப்பு இல்லீன்னா இப்பப் போட்டுக்கலாமுங்க. உங்க புள்ளியப் போட முடியுங்களா?" என்பாள் அவள். என் தொழிலை எங்கள் வீட்டில் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள்தான். அதற்காகவும் அவள் மேல் எனக்குக் கோபம் வரும்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், அப்போது நான் ஊரோடு பகை, உலகத்தோடு பகை என்று திரிந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் எஸ்டேட் வேலை வந்தது.

இடுக்கி மலையில், சாந்தன்பாறைக்கு மேலே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில் கம்பெனி புதிதாகப் பன்னிரண்டு வீடுகள் கட்டியிருந்தது. இரண்டு அறை, சிமெண்ட் தரை, பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். தொழிலாளர்கள் இருந்ததோ லயம் என்று சொல்லும் நீளக் கட்டடங்களில், குடும்பத்துக்கு ஒரு அறை. பல அறைகளில் குடும்பத்துக்கு அரை அறை. ஆகவே அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கு அடிதடி. சூப்பர்வைசர் ஒரு பட்டியல் போட்டார், யூனியன் கிழித்தது. யூனியன் ஒரு பட்டியல் போட்டது, மானேஜர் கிழித்தார். கடைசியில் யாரோ ஒரு புத்திசாலி, கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாம், அதற்குச் சாதியும் இல்லை சொந்தக்காரனும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். பட்டியல் எங்கள் ஆபீசுக்கு வந்தது. அதை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

விதி எளிது. யாருக்கு அதிக வருஷ சர்வீசோ அவருக்கு முதலில் வீடு. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான். இதில் ஒரு சிக்கல் இருந்தது. எஸ்டேட்டில் புருஷனும் வேலை செய்வான், பெண்டாட்டியும் வேலை செய்வாள், இரண்டு பேருக்கும் தனித்தனி அட்டை. அப்படியே விட்டால் ஒரே குடும்பத்துக்கு இரண்டு வீடு போய்விடும். இதை நான் ஆறே வரியில் தீர்த்தேன். கேரளத்தில் எல்லாப் படிவத்திலும் வீட்டுப்பேர் என்று ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுப்பேர் உண்டு. ஆக, ஒரே வீட்டுப்பேர் உள்ள அட்டைகளில் சர்வீஸ் அதிகமான ஒன்றை மட்டும் வைத்துக்கொள், மீதியைத் தள்ளு. அந்த ஆறு வரியை நான் என் மேலதிகாரியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவ்வளவு பெருமை.

பட்டியல் அச்சாகிப் போயிற்று. பத்து நாளில் எஸ்டேட்டிலிருந்து டிரங்க் கால் வந்தது. லயமே கொதித்துப்போய் யாரும் கொழுந்து கிள்ளப் போகவில்லை. பன்னிரண்டு வீட்டில் பதினொன்று ஃபேக்டரியிலும் ஒர்க்ஷாப்பிலும் ஆபீசிலும் வேலை பார்க்கிற மலையாளத்தாருக்குப் போயிருந்தது. அதில் ஒருவருக்கு ஆறு வருஷ சர்வீஸ்தான். லயத்துத் தமிழர்களில் ஒரே ஒரு கிழவருக்கு மட்டும் வீடு.

"போய் என்னன்னு பார்த்துட்டு வா" என்றார் மேலதிகாரி. அவர் முகத்தில் இருந்த அமைதியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உடுமலை, மறையூர், மூணாறு என்று வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸில் மூன்று முறை வாந்தி எடுத்தேன். வழியில் ஒரு செக்போஸ்டில் என் அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்த காவலர், இத்தனை சீட்டுக்கட்டு எதற்கு, மேலே சூதாட்டம் நடக்கிறதா என்று விசாரித்தார். பூப்பாறையில் இறங்கி எஸ்டேட் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது யாரையாவது அடிக்கலாம் போல இருந்தது. முதலில் அகப்பட்டவர் எஸ்டேட் ரைட்டர். எங்களுக்கு விவரங்களை எழுதி அனுப்பிய குமாஸ்தா அவர்தான். அவர் எழுதிய பதிவேட்டைப் பிரித்ததும் எனக்குக் கண் இருட்டியது. லயத்தில் இருந்த அத்தனை தமிழர்களுக்கும் வீட்டுப்பேர்க் கட்டத்தில் ஒரே பெயர் இருந்தது. இங்கிலீஷில், அழகான கையெழுத்தில், I-L-L-A.

"இதென்ன பேருங்க?" என்றேன்.

"பேரல்லா சாரே. அவர்க்கு வீட்டுப்பேரு இல்லா. அதுகொண்டு ஞான் 'இல்லா'ன்னு எழுதி."

மனிதர் உண்மையைத்தான் எழுதியிருந்தார். கம்ப்யூட்டரோ, 'இல்லா' என்ற வீட்டில் முந்நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட ஒரு மாபெரும் குடும்பம் வசிக்கிறது என்று முடிவு செய்து, அந்தக் குடும்பத்தில் மூத்தவருக்கு ஒரு வீடு கொடுத்து மற்றவர்களைத் தள்ளிவிட்டது. நான் சொன்னதைத்தான் செய்தது.

ரைட்டரைத் திட்டினேன். காலியாக விடக்கூடாதா, மூளை எங்கே போயிற்று என்று கத்தினேன். கம்ப்யூட்டர் வந்தால் தன் நாற்காலி போய்விடும் என்று அவர் ஏற்கனவே என் மேல் வெறுப்பாக இருந்தார். ஆனால் பதிலுக்குக் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சாரும் தமிழனல்லே? சாருடெ வீட்டுப்பேரு எந்தா?" என்று மட்டும் கேட்டார்.

"கிழக்கேக்களம்" என்றேன் விறைப்பாக.

அது பொய். எங்களுக்கு வீட்டுப்பேர் கிடையாது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று மலையாள ஹெட்மாஸ்டர் வீட்டுப்பேர் கேட்டபோது அப்பா, "ஊடுன்னா ஊடுதானுங்க, அதுக்கெதுக்குங்க பேரு?" என்றார். கட்டத்தைக் காலியாக விட மனசில்லாத ஹெட்மாஸ்டர், வீடு எந்தப் பக்கம் என்று விசாரித்து அவரே ஒரு பேரை எழுதிவிட்டார். அந்தப் பேரை நான் எல்லாச் சர்டிபிகேட்டிலும் சுமந்து திரிந்தேன். நம்மவர்களுக்கு வீட்டுப்பேர் இல்லை என்பது இந்த உலகத்தில் வேறு எந்தப் புரோகிராமருக்கும் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியாமல் இருக்க நியாயமே இல்லை. ரைட்டர் மேல் எனக்கு வந்த கோபம் இரண்டு மடங்கானது இதனால்தான்.

அடுத்த நாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கும் இடத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் தலையில் கொங்காணி மாதிரிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். என்னை ஒரு பெட்டி மேல் ஏற்றிவிட்டார்கள். நான் டை கட்டியிருந்தேன். அந்த மலையில் டை கட்டியிருந்த ஒரே கழுத்து என்னுடையது, அதைப் பிடித்து இழுக்க ஆசைப்பட்ட கைகள் நிறைய இருந்திருக்கும்.

"உங்க அட்டையில ஒரு தப்பு நடந்திருக்கு" என்று ஆரம்பித்தேன்.

எல்லோரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். அங்கே அட்டை என்றால் ரத்தம் குடிக்கும் அட்டை. ஒருத்தி கணுக்காலில் ஒன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "இதுலயா சார்?" என்றாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று விளக்கப் போய் மேலும் குழப்பி, கடைசியில் உத்தரவாகவே சொன்னேன். ஒவ்வொரு குடும்பமும் வீட்டுக்கு ஒரு பேர் சொல்ல வேண்டும். என்ன பேரானாலும் சரி. பேர் சொன்னால்தான் பட்டியலில் இடம்.

வரிசை நகர்ந்தது. பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் மலையேறியவர்கள். சொந்த ஊர்ப் பேரைச் சொன்னார்கள், குலசாமி பேரைச் சொன்னார்கள். நான் கட்டம் போட்ட காகிதத்தில் எழுதிக்கொண்டே போனேன். திரும்பத் திரும்ப அதே ஊர், அதே சாமி வந்ததால் எழுதுவது சுலபமாக இருந்தது. ஆபீசில் துளையிடும் நம் பெண்களுக்கும் சுலபம் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் மெஷினில் ஒரு விசை உண்டு. முந்தின அட்டையில் இருப்பதையே இந்த அட்டையிலும் போடு என்று அதை அழுத்தினால் போதும்.

கணுக்காலில் அட்டை பிடுங்கியவளின் முறை வந்தது. நாற்பதுக்குள் இருக்கும். பதினாலு வருஷ சர்வீஸ்.

"வீட்டுப்பேர்?"

"வீட்டக் குடுங்க சார், பேரு வைக்கேன்."

"பேர் சொன்னாத்தான் வீடு."

"பிள்ளை பொறக்குமுன்ன யாராச்சும் பேரு வைப்பாகளா? இப்ப நாங்க கெடக்கது வீடா? ஒரு ரூமுல எங்க வீட்டுக்காரரோட அண்ணன் குடும்பமும் நாங்களும் பதினோரு உருப்படி. நடுவுல ஒரு சேலையக் கட்டித் தொங்கவிட்டிருக்கு. என் மக பெரியவளாயி ஆறு மாசமாச்சு. அந்தாண்ட பக்கம் மூணு எளவட்டப் பயலுக. அவ துணி மாத்தணும்னா அத்தன பேரையும் மழையில வெளிய நிக்க வைக்கேன். அதுக்கு என்ன பேரு வைக்க, நீங்களே சொல்லுங்க."

பின்னால் நின்ற ஒரு பெண் அவள் முதுகைச் சுரண்டினாள். "ஏட்டி, சும்மா இரி. சார் கோவிச்சுக்கிடப் போறாக. வாயில வந்த பேரச் சொல்லு."

"கோவிக்கட்டும். முந்நூறு பேரையும் ஒரே வீட்டுல அடைச்சவுக அவுகதான? நாமல்லா கோவிக்கணும்."

சுற்றிலும் சிரித்தார்கள். ரைட்டரும் சிரித்தார். எனக்குக் காது மடல் சுட்டது. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நியாயம் என்று தெரிந்தது. அதனாலேயே அவளைச் சகிக்க முடியவில்லை. பேனாவைத் திறந்து அவளுடைய வீட்டுப்பேர்க் கட்டத்தில் இங்கிலீஷில் எழுதினேன்: V-A-Y-A-D-I. வாயாடி. எழுதியதும் வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி. "ஆச்சு, போ" என்றேன். என்ன எழுதினேன் என்று அவள் கேட்கவில்லை.

அடுத்து வந்தவள் முதுகைச் சுரண்டிய பெண். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கைகட்டி நின்று ஊர்ப் பேரைச் சொன்னாள், கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள். உலகத்தில் எல்லோரும் இப்படி இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

ஊருக்குப் போனதும் அந்த வார்த்தையை அடித்துவிட்டு வேறு ஏதாவது எழுத வேண்டும் என்று நினைத்தேன்தான். திரும்பி வரும் வழியில் மறுபடி வாந்தி, இரண்டு நாள் காய்ச்சல். நான் ஆபீஸ் போவதற்குள் பெண்கள் எல்லா அட்டையையும் அடித்து முடித்துவிட்டார்கள். காகிதத்தில் இருப்பதை இருக்கிறபடி அடிக்க வேண்டும், அர்த்தம் யோசிக்கக் கூடாது என்பது அவர்களுக்கு நான் போட்ட சட்டம். ஒருத்தி மட்டும், "சார், ஒரு வீட்டுக்கு வாயாடின்னு பேருங்களே" என்று சிரித்தாள். வேலையைப் பார் என்றேன்.

புதுப் பட்டியல் போயிற்று. எஸ்டேட்டிலிருந்து டிரங்க் கால் வரவில்லை. பன்னிரண்டில் ஏழு லயத்துக்கு என்று கேள்வி. மேலதிகாரி என் முதுகில் தட்டினார். அந்த ஆறு வரியை நான் தொடக்கூட இல்லை, பேர்களைத்தான் திருத்தினேன், புரோகிராம் சரியாகத்தான் இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எட்டு மாதம் கழித்து வேறொரு வேலையாக மறுபடி அங்கே போனேன். ரைட்டர் தன் நாற்காலியில்தான் இருந்தார், என்னைக் கண்டுகொள்ளவில்லை. புது வீடுகளைப் பார்க்க நானே தனியாக நடந்தேன். வரிசையாகப் பன்னிரண்டு. ஒவ்வொரு வாசலுக்கு மேலேயும் நீலப் பலகை, அதில் வெள்ளை இங்கிலீஷ் எழுத்து. கம்ப்யூட்டர் அச்சடித்த வீட்டுப்பேரை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் பெயிண்டர் எழுதியிருந்தார். ஒன்பதாவது வீட்டில் V-A-Y-A-D-I.

திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் குழாயடியில் குடத்தோடு நின்றவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"வாங்க சார். பேரு நல்லாருக்கா?"

"அது வந்து..." என்று இழுத்தேன்.

"மக இங்கிலீஷ் படிக்கா. குடி வந்த அன்னைக்கே எழுத்துக் கூட்டிப் படிச்சுச் சொல்லிட்டா. ஒரு வாரம் இந்தப் பக்கம் போறவன் வாறவன் எல்லாம் சிரிச்சான்."

"மானேஜர்கிட்ட சொல்லி இன்னைக்கே மாத்தச் சொல்றேன்" என்றேன். உண்மையாகவே வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கம் இல்லை, ஓடி ஒளிய வேண்டும் போன்ற வெட்கம்.

"மாத்திராதீக சார். பேரு மாறினா வீடும் போயிரும். ஒங்க மிசினு புத்தி எனக்குத் தெரியும்." குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். "அன்னைக்கு எம் பின்னால நின்னாளே ஒருத்தி, கும்பிட்டுட்டுப் போனாளே, அவளுக்கு இருபத்திரண்டு வருசம். வீடு வரல. தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அவ ஊருப் பேரச் சொன்னா. எங்க லயத்துல பதினாலு குடும்பம் அதே ஊரு. பதினாலு பேரும் அதையே சொன்னாக. பதினாலு குடும்பத்துக்கும் சேத்து ஒரு வீடு வந்துச்சு. அதுவும் மொதத் தடவ வந்த அதே கெழவருக்கு. அந்தாண்ட லயத்துல எல்லாரும் சாமி பேரு, அவுகளுக்கும் ஒண்ணுதான். நானும் நல்ல பிள்ளையா ஊருப் பேரச் சொல்லியிருந்தேன்னா இன்னைக்கும் அந்தச் சேலைக்கு அங்கிட்டுத்தான் கெடப்பேன்."

அவள் சொல்லச் சொல்ல அந்த ஆறு வரியும் கண் முன்னால் ஓடியது. ஒரே வீட்டுப்பேர் உள்ள அட்டைகளில் ஒன்றை வைத்துக்கொள், மீதியைத் தள்ளு. அதே ஊர், அதே சாமி என்று என் கையால்தான் எழுதினேன், சுலபமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்த மலையில் வேறு யாருக்கும் இல்லாத பேர் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது. அது நான் வைத்த வசவு.

"யாரும் ஏன் எங்களுக்கு எழுதல?" என்று கேட்டேன். கேட்டபோதே அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது.

அவள் குனிந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் வா என்று கூப்பிடவில்லை. வாசல் வரை போய் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"கீழ் லயத்துக்கும் வீடு கட்டப் போறாகளாம். அடுத்த தடவ வந்தா எல்லாரையும் திட்டிருங்க சார்" என்றாள்.